உயிர் காக்கும் வேலைகளுக்கு ஆளெடுப்பு: பன்முகத்தன்மையும் தகுதியும் எங்கே மோதுகின்றன?

2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் விமானம் ஒன்றும் அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்றும் போட்டோமாக் ஆற்றின் மேலே மோதிக்கொண்டன. 67 பேர் இறந்தார்கள். ஆற்றிலிருந்து உடல்களைத் தேடி எடுத்துக்கொண்டிருந்த மறுநாளே, அதிபர் டிரம்ப் செய்தியாளர்களிடம் பேசும்போது, விமானப் போக்குவரத்துத் துறையில் திறமையைப் பார்க்காமல் பன்முகத்தன்மையை, அதாவது எல்லா இனத்தவரும் பெண்களும் இடம்பெற வேண்டும் என்பதைப் பார்த்து ஆள் எடுத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொன்னார். விசாரணை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

நம் ஊரிலும் இந்தச் சண்டை வேறு பெயரில் நடக்கிறது. "கோட்டாவில் படித்த டாக்டரிடம் ஆபரேஷனுக்குப் போவாயா?" என்ற கேள்வி காதில் விழாத தமிழர் இருக்க மாட்டார். கேட்கிறவர் பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார். எதிர்த்துப் பேசுகிறவரோ தகுதி, திறமை என்பதெல்லாம் ஏமாற்று என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இந்த வேலைகளுக்கு ஆள் எப்படித் தேர்வாகிறார் என்ற விவரத்துக்குள் இருவருமே போவதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது, அதனால் விவரத்துக்குள் போகாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மூன்று கட்டங்கள்

விமானி, ரயில் ஓட்டுநர், வானில் விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டாளர், தீயணைப்பு வீரர், அணு உலை இயக்குபவர். ஒருவர் தவறு செய்தால் பக்கத்தில் இருப்பவர்களும் சாகக்கூடிய வேலைகள் இவை. நேர்முகத் தேர்வு முடிந்த மறுநாளே இந்த வேலைகளில் யாரும் தனியாக உட்கார்ந்துவிட முடியாது. மூன்று கட்டங்களைக் கடந்தாக வேண்டும்.

முதலாவது, யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பது. வேலை இருப்பதே தெரியாத ஊர்க்காரர், பயிற்சிக்குப் பணம் இல்லாதவர், 'இதெல்லாம் நமக்கு இல்லை' என்று நினைத்து ஒதுங்கிவிட்ட பெண் ஆகியோர் இந்தக் கட்டத்திலேயே காணாமல் போகிறார்கள். இரண்டாவது, விண்ணப்பித்தவர்களில் யாரைப் பயிற்சிக்கு எடுப்பது. எழுத்துத் தேர்வு, கட்-ஆஃப், ரேங்க் எல்லாம் இங்கே வருகின்றன. மூன்றாவது, பயிற்சி முடிந்தபின் உரிமமோ சான்றிதழோ கொடுப்பது. வேலையைத் தனியாகச் செய்ய விடலாமா என்பதை முடிவு செய்கிற இடம் இது.

இனிமேல் எங்காவது 'பன்முகத்தன்மைக்காகத் தரத்தைக் குறைத்துவிட்டார்கள்' என்று படித்தால், எந்தக் கட்டத்தில் கை வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். முதல் கட்டத்தை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் பாதுகாப்புக்கு ஒரு கேடும் வராது. மூன்றாவது கட்டத்தை யாருக்காகவும் தளர்த்தக் கூடாது, தளர்த்தினால் ஆபத்து நிஜம். நியாயமான வாதங்களுக்கு இடம் இருப்பது நடுக்கட்டத்தில்தான்.

ரயில் ஓட்டுநர் எப்படித் தேர்வாகிறார்?

இதற்கு நல்ல உதாரணம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. இந்திய ரயில்வேயின் உதவி லோகோ பைலட் தேர்வுதான் அது. ரயில்வே பணியாளர் தேர்வு வாரியமான ஆர்ஆர்பி நடத்தும் இந்தத் தேர்வுக்கு நம் வீடுகளில் யாராவது ஒருவர் படித்துக்கொண்டிருப்பார்.

இதில் கணினி வழித் தேர்வு இரண்டு. கணக்கு, பொது அறிவு, அறிவியல் போன்றவற்றில் கேள்விகள் வரும். இந்தத் தேர்வுகளில் தகுதி மதிப்பெண் பிரிவுக்குப் பிரிவு மாறும்: பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், ஓபிசிக்கும் எஸ்சிக்கும் 30, எஸ்டிக்கு 25. பலர் இதை மட்டும் பார்த்துவிட்டு, '25 சதவீதம் வாங்கியவர் ரயில் ஓட்டுகிறாரா?' என்று அதிர்ச்சி அடைகிறார்கள்.

அடுத்து நடப்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாம் தேர்வில் தொழில் சார்ந்த பகுதி ஒன்று உண்டு. அதில் 35 சதவீதம் எல்லோரும் வாங்கியாக வேண்டும், எந்தப் பிரிவுக்கும் சலுகை இல்லை. அப்புறம் மனத்திறன் தேர்வு வருகிறது. நினைவாற்றல், சொன்னபடி செய்யும் திறன், தூரத்தைக் கணிப்பது, கவனம் சிதறாமல் இருப்பது, கண்ணில் பட்டதைச் சட்டென்று உணர்வது எனப் பல சோதனைகள். ஒவ்வொன்றிலும் டி-ஸ்கோர் (மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் மதிப்பெண்) 42 வாங்க வேண்டும். நான்கில் அசத்திவிட்டு ஒன்றில் கோட்டை விட்டால் வெளியேதான். எந்தச் சாதி, எந்தப் பிரிவு, முன்னாள் ராணுவத்தினரா என்பதெல்லாம் இங்கே செல்லாது என்று அறிவிக்கையிலேயே வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். அதன் பிறகு மருத்துவச் சோதனை. லோகோ பைலட்டுக்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை வேண்டும். சாதியைப் பார்த்துக் கண் டாக்டர் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதில்லை.

இதன் பிறகும் அவர் 'உதவி' லோகோ பைலட்தான். பயிற்சிப் பள்ளி, பல வருட அனுபவம், பதவி உயர்வுத் தேர்வுகள் எல்லாம் தாண்டித்தான் விரைவு ரயிலின் கட்டுப்பாடு அவர் கைக்கு வரும்.

இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் வாங்கும் மதிப்பெண், வளர்ந்த சூழலைப் பொறுத்து நிறைய மாறும். கோச்சிங் சென்டருக்குப் போக முடிந்ததா, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன. அங்கே இடஒதுக்கீடு நியாயம் செய்கிறது. சிவப்பு சிக்னலைக் கவனிக்காமல் விட்டதற்கு எந்தச் சூழலும் சாக்கு ஆகாது. அங்கே எல்லோருக்கும் ஒரே கோடு. இதைவிடத் தெளிவான வடிவமைப்பை நான் வேறு நாடுகளில் அதிகம் பார்த்ததில்லை. இடஒதுக்கீட்டைத் திட்டுகிறவர்களும் சரி, ஆதரிக்கிறவர்களும் சரி, இதை எடுத்துச் சொல்வதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

தேர்வு எதை அளக்கிறது?

'மதிப்பெண்தான் தகுதி' என்று சொல்லும்போது, அந்தத் தேர்வு வேலைக்குத் தேவையானதை அளக்கிறது என்று நாம் தானாகவே நம்பிவிடுகிறோம். அது எப்போதும் உண்மை இல்லை.

அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்துக்கு ஒரு மின் நிலையம் இருந்தது. 1965 வரை அங்கே கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கடைநிலைக் கூலிப் பிரிவில் மட்டுமே இடம். அந்த ஆண்டு ஜூலையில், வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் அமலுக்கு வந்தது. அன்றைக்கே நிறுவனம் பொது அறிவுத்திறன் தேர்வுகளைக் கட்டாயமாக்கியது. பள்ளி இறுதிச் சான்றிதழும் கேட்டார்கள். பள்ளியில் ஒதுக்கப்பட்டிருந்தவர்களால் இவற்றைத் தாண்ட முடியவில்லை. ஆனால் முன்பே அந்த வேலைகளில் இருந்த வெள்ளையர்களில் பலரிடம் அந்தச் சான்றிதழ் கிடையாது, அவர்கள் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு தேர்வு ஒரு பிரிவினரைப் பெருமளவில் வெளியே தள்ளுகிறது என்றால், அந்தத் தேர்வுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நிறுவனம் காட்டியாக வேண்டும் என்று 1971-ல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 'கிரிக்ஸ்' வழக்கு என்று இதைச் சொல்வார்கள். நியூயார்க் தீயணைப்புத் துறையின் 1999, 2002 எழுத்துத் தேர்வுகளும் இதே அடிப்படையில்தான் 2009-ல் அடிபட்டுப் போயின.

இந்தத் தீர்ப்புகள் தேர்வே கூடாது என்று சொல்லவில்லை. வேலையை அளக்கிற தேர்வாக வை என்கின்றன. இது பாதுகாப்புக்கு எதிரான வாதம் அல்ல, பாதுகாப்புக்கான வாதம். நெருப்புக்குள் ஏணியில் ஏறி ஆளைத் தூக்கி வர வேண்டியவரை, கடினமான ஒரு பத்தியைப் படித்துப் பதில் எழுதும் வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால் நஷ்டம் தீயில் மாட்டியவருக்கும்தான்.

அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டாளர்கள்: 2014-ல் நடந்தது

இதே விதி பன்முகத்தன்மையை விரும்புகிறவர்களுக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாமல் போன கதை இது.

அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை எடுப்பது எஃப்ஏஏ என்ற மத்திய அமைப்பு. இந்த வேலைக்கு 31 வயதுக்குள் சேர வேண்டும், 56 வயதில் ஓய்வு. 1981-ல் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதிபர் ரீகன் 11,000-க்கும் மேற்பட்டோரை ஒரே அடியாக வேலைநீக்கம் செய்தார். அவர்களுக்குப் பதிலாக அவசர அவசரமாக எடுக்கப்பட்ட தலைமுறை 2000-களில் கூட்டம் கூட்டமாக ஓய்வுபெற ஆரம்பித்தது. அதனால் புதிய ஆட்கள் தொடர்ந்து வேண்டியிருந்தார்கள்.

2013 வரை ஒரு முக்கியமான வழி, எஃப்ஏஏ அங்கீகரித்த முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். அங்கே மாணவர்கள் சொந்தச் செலவில் இந்தத் துறையைப் படித்து, 'ஏடி-சாட்' என்ற நீண்ட கணினித் தேர்வை எழுதினார்கள். திரையில் நகரும் விமானங்களைப் பிரித்து அனுப்புவது, ஒரே நேரத்தில் பல கருவிகளைக் கவனிப்பது என்று வேலையோடு நெருக்கமான தேர்வு அது. 70 வாங்கினால் தகுதி, 85 வாங்கினால் மிகத் தகுதி.

இப்படி வந்தவர்களில் கறுப்பினத்தவரும் பெண்களும் குறைவாக இருந்தார்கள். அவர்கள் எந்தக் கட்டத்தில் கழிகிறார்கள் என்று எஃப்ஏஏ ஆராய்ந்தது. அதுவரை எந்தத் தவறும் இல்லை, ஒரு பொது நிறுவனம் செய்ய வேண்டியதே அது. அமெரிக்கச் சட்டத்தில் நம்முடையதைப் போன்ற இடஒதுக்கீட்டுக்கு இடமில்லை. இனத்தைப் பார்த்துத் தேர்வு மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைப்பதையும் 1991-ல் வந்த சட்டம் தடை செய்துவிட்டது. அப்படியென்றால் நேர்மையாகச் செய்யக்கூடிய வழி முதல் கட்டத்தில் இருந்தது. கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் கல்லூரிகளில் இந்தப் படிப்பைத் தொடங்கலாம், உதவித்தொகை கொடுக்கலாம், வேலையைப் பற்றிச் சொல்ல ஆள் அனுப்பலாம். இதற்கெல்லாம் வருடங்கள் ஆகும்.

எஃப்ஏஏ வேறு வழியில் போனது. 2014 பிப்ரவரியில் வேலை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. கல்லூரி மாணவர்களுக்கு இருந்த முன்னுரிமை போனது, ஏற்கெனவே தேறி வரிசையில் காத்திருந்தவர்களும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றுக்கும் முன்னால் வாழ்க்கைக் குறிப்பு வினாத்தாள் ஒன்று வைக்கப்பட்டது. சுமார் 28,000 பேர் விண்ணப்பித்தார்கள். அந்த வினாத்தாளைத் தாண்டியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. திறன் தேர்வு எழுதும் வாய்ப்பு அவர்களுக்கு மட்டுமே கிடைத்தது.

அதில் என்ன கேட்டார்கள் என்பது பின்னால் வெளியே வந்தது. பள்ளியில் எந்தப் பாடத்தில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கினீர்கள்? அறிவியல் என்று சொன்னால் 15 புள்ளிகள். கல்லூரியில் எந்தப் பாடத்தில்? வரலாறு அல்லது அரசியல் அறிவியல் என்று சொன்னால் 15 புள்ளிகள். பள்ளியில் எத்தனை விளையாட்டுகளில் பங்கெடுத்தீர்கள் என்றும் ஒரு கேள்வி. தோற்றவர்களுக்கு எதனால் தோற்றோம் என்று தெரியாது, முறையிடவும் வழி இல்லை. எஃப்ஏஏ தரப்பு இதை வேலைத்திறனை முன்கூட்டியே காட்டும் கருவி என்று வாதாடியது. வாழ்க்கைக் குறிப்பு கேட்டு ஆள் எடுப்பது தொழில் உளவியலில் உள்ள முறைதான். ஆனால் பல சோதனைகளில் ஒன்றாக வைப்பதும், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒற்றை அடைப்பாக வைத்துப் பத்தில் ஒன்பது பேரைத் திருப்பி அனுப்புவதும் ஒன்றல்ல. மேலே சொன்ன 1971 தீர்ப்பின் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்: அறிவியலில் குறைந்த மதிப்பெண் வாங்கியதற்கும் இரண்டு விமானங்களைப் பிரித்து வைப்பதற்கும் என்ன தொடர்பு?

பாதிக்கப்பட்டவர்கள் 2015-ல் வழக்குப் போட்டார்கள், 2022-ல் அது கூட்டு வழக்காக ஏற்கப்பட்டது. 2016-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து, எஃப்ஏஏ அங்கீகரித்த கல்லூரிகளில் இந்தத் துறையைப் படித்தவர்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் இந்த வினாத்தாளை வைக்கக் கூடாது என்றது. 2014-ல் கழிக்கப்பட்டவர்கள் வயது வரம்பைத் தாண்டியிருந்தாலும் மறுபடி விண்ணப்பிக்க வழி செய்தது. 2018-ல் வினாத்தாள் முழுவதுமாகக் கைவிடப்பட்டது.

சரி, அப்படியானால் 2014-ல் எடுக்கப்பட்டவர்கள் தகுதி இல்லாதவர்களா? இங்கேதான் எதிர்த்தரப்பு தவறுகிறது. வினாத்தாளைத் தாண்டியவர்களும் திறன் தேர்வு எழுதினார்கள். ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ அகாடமிக்குப் போனார்கள், அங்கே வழக்கமாகவே கணிசமானோர் தோற்று வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். அதன்பின் ஒரு கோபுரத்திலோ ரேடார் மையத்திலோ அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இரண்டு மூன்று வருடங்கள் பயிற்சி. மூன்றாவது கட்டம் அப்படியேதான் இருந்தது. எஃப்ஏஏ செய்த அநியாயம், கழிக்கப்பட்டவர்களுக்குச் செய்த அநியாயம். தயாராகி நின்ற ஆட்களை விட்டுவிட்டதால் துறைக்கும் நஷ்டம். சான்றிதழ் பெற்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்து 'இவள் எப்படி வந்தாளோ' என்று சந்தேகப்பட இதில் எந்த ஆதாரமும் இல்லை.

வாஷிங்டன் விபத்துக்கும் வருவோம். 2025 மார்ச்சில் வந்த முதற்கட்ட அறிக்கையில் விசாரணை அமைப்பு பேசியது வழித்தடங்களைப் பற்றி. ஹெலிகாப்டர்கள் அப்போது போய்க்கொண்டிருந்த வழிக்கும், ஓடுபாதை 33-ல் இறங்கும் விமானங்களின் பாதைக்கும் நடுவே சில இடங்களில் 75 அடி உயர இடைவெளிகூட இல்லாமல் போகலாம். 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த நிலையத்தருகே விமானமும் ஹெலிகாப்டரும் அளவுக்கு மீறி நெருங்கிய சம்பவங்கள் 15,214. அவற்றில் 85 மிக மிக நெருக்கமானவை. எச்சரிக்கை வருடக்கணக்கில் தரவுக்குள்ளேயே இருந்தது. யாருடைய நிறமும் பாலினமும் அந்த அறிக்கையில் காரணமாக வரவில்லை.

முதல் ரேங்க் வாங்கியவர்தான் பாதுகாப்பானவரா?

1992 நவம்பர் 16 அன்று வந்த இந்திரா சாவ்னி தீர்ப்பை, மண்டல் தீர்ப்பு என்று நமக்குத் தெரியும். 27 சதவீத ஒதுக்கீட்டை ஏற்ற அதே தீர்ப்பு, சில பதவிகளில் இடஒதுக்கீடு உகந்ததாக இருக்காது என்றும் சொன்னது. உதாரணமாக ஒரு பட்டியலும் கொடுத்தது: தொழில்நுட்பப் பதவிகள் உட்படப் பாதுகாப்புப் படைப் பதவிகள், அணுசக்தி, விண்வெளி ஆராய்ச்சிப் பதவிகள், பேராசிரியர்கள், மருத்துவ உயர் சிறப்புப் பிரிவுகள், இந்தியன் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா விமானிகள். பின்தங்கிய வகுப்பினருக்கும் இயற்கை அதே அளவு திறமையைக் கொடுத்திருக்கிறது, அதைக் காட்ட வாய்ப்புதான் தேவை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் விமானிகளைச் சேர்த்ததை மட்டும் எனக்கு மரியாதையோடு மறுக்கத் தோன்றுகிறது. எல்லோருக்கும் ஒரே உரிமத் தேர்வு, ஒரே மருத்துவத் தகுதி, வேலையில் இருக்கும் காலம் முழுக்க சிமுலேட்டர் சோதனை என்று மூன்றாவது கட்டம் மிகக் கடுமையாக இருக்கும் தொழில் அது. தேறாதவர் யாராக இருந்தாலும் பறக்க முடியாது. குறைந்தபட்சக் கோடு வலுவாக உள்ள இடத்தில், கோட்டைத் தாண்டியவர்களுக்குள் 91 வாங்கியவருக்கும் 84 வாங்கியவருக்கும் உள்ள வித்தியாசம் விபத்தைத் தீர்மானிப்பதில்லை. கோடு பலவீனமாக உள்ள இடத்தில்தான் பயப்பட வேண்டும். அங்கே முதல் ரேங்க் வாங்கியவரைப் பார்த்தும் பயப்பட வேண்டும்.

பொருளாதார அறிஞர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வெய்ஸ்கோப்பும் இந்திய ரயில்வேயின் பல ஆண்டுத் தரவுகளை எடுத்து, எஸ்சி, எஸ்டி ஊழியர்களின் பங்கு கூடுவதால் உற்பத்தித்திறன் குறைகிறதா என்று பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில் குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. உயர்நிலைப் பதவிகளில் சாதகமான தொடர்புகூடத் தென்பட்டது. இது விபத்துக் கணக்கு அல்ல, அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் 'ஒதுக்கீடு வந்தால் ரயில்வே சீரழியும்' என்பது கணக்குப் பார்க்காமல் சொன்ன பேச்சு என்பது தெரிகிறது.

முதல் கட்டம் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் விமானப் பெண்களைப் பாருங்கள். 1966-ல் துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் பெண் விமானி ஆனார். இன்று இந்திய விமானிகளில் பெண்களின் பங்கு உலகச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பெண்களுக்கென்று தனி உரிமத் தேர்வு எதுவும் வைக்கப்படவில்லை.

அமெரிக்கக் கோபுரங்களில் இப்போதைய பெரிய ஆபத்து ஆள் பற்றாக்குறைதான். சுமார் மூவாயிரம் பேர் குறைகிறார்கள். பல இடங்களில் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேர வேலை. வாஷிங்டன் விபத்து நடந்த இரவில்கூட ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் ஒருவரே சேர்த்துக் கவனித்துக்கொண்டிருந்தார். களைத்துப்போன மூளைக்கு நுழைவுத் தேர்வில் எவ்வளவு வாங்கியது என்பது உதவாது. 2024-ல் எஃப்ஏஏ மறுபடியும் கல்லூரிகளிடம் போனது. டல்சா சமுதாயக் கல்லூரி, ஓக்லஹோமா பல்கலைக்கழகம் என இரண்டிடம் முதலில் ஒப்பந்தம் போட்டு, அங்கே படித்து முடிப்பவர்கள் அகாடமிக்குப் போகாமல் நேரடியாகக் கோபுரத்தில் பயிற்சிக்குச் சேரலாம் என்று அறிவித்தது. கோபுரத்தில் நடக்கும் கடைசிச் சான்றிதழ் சோதனை அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றேதான்.